சந்தையில் தொடங்க வேண்டிய பாடம்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளி ஆசிரியனாகவும், அவற்றுள் கடைசிப் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாகவும் இருந்து, 2017ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன் நான். வேளாண்மைக் கல்லூரியின் வாயிற்படியை மிதித்தவன் அல்லன். அப்படியிருக்க, வேளாண்மை விரிவாக்கப் பணியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று தாங்கள் கேட்கக்கூடும். இரண்டு தகுதிகள் உண்டு. ஒட்டன்சத்திரத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் எனக்கு ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் இருக்கிறது என்பது ஒன்று. விரிவாக்கம் என்பதும் கற்பித்தலே என்பது மற்றொன்று. கரும்பலகைக்குப் பதில் வயல், மாணவனுக்குப் பதில் குடியானவர், அவ்வளவே வேற்றுமை.

ஆசிரியப் பயிற்சியின்போது பாடக்குறிப்பு எழுதும் முறையை எங்களுக்குக் கண்டிப்புடன் பழக்கினார்கள். நோக்கம், துணைக்கருவிகள், கற்பிக்கும் படிகள், மதிப்பீடு என்று பல பத்திகள் அதில் உண்டு. அவற்றுக்கிடையே ‘முன்னறிவு’ என்று ஒரு சிறு பத்தி இருக்கும். மாணவன் ஏற்கெனவே அறிந்திருப்பது என்ன, அவனுடைய ஐயம் எங்கே தொடங்குகிறது என்பதை அதில் எழுத வேண்டும். அதை நிரப்பாமல் கொண்டுபோனால் எங்கள் விரிவுரையாளர் குறிப்பேட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார். நம் நாட்டு வேளாண்மை விரிவாக்கத்தின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது, அந்தப் பத்தி பெரும்பாலும் வெறுமையாகவே விடப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றியது.

இதனைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதே நாளில் தேசிய விரிவாக்கப் பணி தொடங்கியது. கிராம சேவகர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். 1960-61இல் தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல் வந்தபோது, அதன் சாகுபடி முறைகளைத் திருச்சி வானொலி நிலையம் நாள்தோறும் எடுத்துச் சொன்னது. விதையின் எண் மக்கள் நாவில் நிற்கவில்லை. ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் கேட்டதை வயலில் செய்து பார்த்து, மூட்டை மூட்டையாக அளந்தார்கள். வானொலிக்கு இதைவிடப் பெருமை வேறில்லை.

ஆனால் அந்த வெற்றிக்கு அடியில் ஒரு காரணம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நெல்லை எத்தனை பேர் பயிரிட்டாலும் அரிசியாக உண்ண நாடு காத்திருந்தது. 1965ஆம் ஆண்டு ஜனவரியில் அமைந்த இந்திய உணவுக் கழகம், தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரிலேயே திறந்தது. அறுத்த நெல்லைச் சில மாதங்கள் வைத்திருக்கவும் முடியும். ஆகவே, ஒரே பாடத்தை ஆயிரம் பேருக்கு ஒரே நாளில் சொல்லலாம். ஆயிரம் பேரும் கேட்டு நடந்தால் ஆயிரம் பேருக்கும் நன்மையே.

தக்காளி அப்படியன்று. பறித்த தக்காளி நாலைந்து நாளில் நீர்விடும். ஓர் ஊரில் ஒருவர் பயிரிட்டால் அவருக்கு இலாபம். அவரைப் பார்த்து நூறு பேர் பயிரிட்டால் நூற்றொருவருக்கும் நட்டம். நல்ல பாடத்தை நன்றாகக் கேட்டு நடந்த மாணவர்கள் அனைவரும் ஒருமிக்கத் தோல்வியடையும் பள்ளிக்கூடம் எங்கேனும் உண்டா? சந்தைக்கென்று காய்கறி பயிரிடும் சிறு விவசாயியின் பள்ளிக்கூடம் அத்தகையது. தமிழ்நாட்டில் இவர்கள் சிறுபான்மையினர் அல்லர். 2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, நம் மாநிலத்தில் நூற்றுக்கு 93 நிலவுடைமைகள் ஐந்து ஏக்கருக்கு உட்பட்டவை. சராசரி உடைமை 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு. அந்த நிலத்தில் நெல்லை மட்டும் நம்பிப் பிள்ளையைப் படிக்கவைக்க இயலாது என்பதால்தான் அவர் காய்கறிக்கும் பூவுக்கும் வருகிறார்.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்தவன் அல்லன். என் சொல்லால் ஒரு குடும்பம் கெட்டதைக் கண்டு அறிந்தவன்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து வந்தான். நான் ஓய்வு பெற்ற புதிதில் ஊர்த் திருவிழாவுக்கு வந்தவனை நிறுத்தி, “தகப்பனார் நிலம் ஓர் ஏக்கர் தரிசாகக் கிடக்கிறதே, தம்பி, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, இங்கேயே இருந்து பாடுபடேன்” என்று சொன்னேன். ஆசிரியர் சொன்னால் நல்லதாகத்தான் இருக்கும் என்று அவன் நம்பினான். தாயாரின் நகையை ஈடுவைத்துக் கடன் வாங்கினான். தோட்டக்கலை அலுவலர் ஒருவர் ஆர்வத்தோடு வந்து வழிகாட்டினார். வீரிய ஒட்டுரகம், குழித்தட்டு நாற்று, சொட்டுநீர், நிலப்போர்வை, கொடியைத் தாங்கக் கம்பு நடுதல் என்று ஒன்றையும் விடாமல் சொல்லிக் கொடுத்தார். அவனும் ஒன்றையும் விடாமல் செய்தான். நானும் மாலை வேளைகளில் வரப்பில் நின்று மகிழ்ந்தேன். விளைச்சலுக்குக் குறைவேயில்லை. எங்கள் ஊரில் அதுவரை அத்தகைய காய்ப்பைக் கண்டவர் இல்லை.

2018ஆம் ஆண்டில் அவன் முதற் பறிப்பைச் சந்தைக்குக் கொண்டுபோன வாரத்தில், பதினான்கு கிலோ கொண்ட பெட்டி 40 ரூபாய்க்குப் போயிற்று. பறிகூலி, ஏற்றுகூலி, வண்டி வாடகை, தரகு ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால் பெட்டிக்கு 45 ரூபாய் ஆகியிருந்தது. ஐந்து ரூபாய் கையிலிருந்து கொடுத்துத் தன் உழைப்பை அவன் விற்றுவிட்டு வந்தான். இன்னும் அதிகம் விளைந்திருந்தால் இன்னும் அதிகம் இழந்திருப்பான். மூன்றாம் பறிப்பைச் செடியிலேயே விட்டு, ஆடுகளைத் திறந்துவிட்டார்கள். துக்கம் விசாரிப்பவனைப் போல் நான் போய் நின்றபோது அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் தாயார்தாம் சொன்னார்: “விளைய வைக்கத் தெரிஞ்ச உங்களுக்கு விக்க வைக்கத் தெரியலையே, வாத்தியாரய்யா.” அடுத்த மாதம் அவன் திருப்பூருக்குத் திரும்பிவிட்டான். நகை மீட்கப்படச் சில ஆண்டுகள் ஆயின.

அந்த அம்மையாரின் சொல்லை நான் பல நாள் சிந்தித்தேன். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தமக்குப் பயிற்றுவிக்கப்பட்ட பாடத்தை நன்றாகவே கற்பித்தார். பாடம் வயலில் தொடங்கி வயலிலேயே முடிந்துவிட்டது என்பதே பிழை. பயிற்சியும் பார்வையிடலும் என்ற முறையை, டேனியல் பெனார் என்னும் இஸ்ரேலிய நிபுணரின் யோசனைப்படி, உலக வங்கியின் துணையோடு 1970களின் பிற்பகுதியிலிருந்து இந்திய மாநிலங்கள் பலவற்றில் நடத்தினார்கள். குறித்த நாளில் அலுவலர் ஊருக்கு வருவார். தொடர்பு விவசாயிகளுக்குச் செய்தி சொல்வார். அவர்கள் மற்றவர்க்குச் சொல்வார்கள். ஒழுங்கு இருந்தது, ஒழுங்கை நான் என்றும் மதிப்பவன். ஆயினும் செய்தி மேலிருந்து எழுதி அனுப்பப்பட்டது. ஓரிடத்துச் செய்தியே அடுத்த இடத்துக்கும். நெல்லுக்கு அது போதுமானதாக இருந்தது. பிற்காலத்தில் 2005-06 முதல் ‘ஆத்மா’ என்னும் வேளாண்மைத் தொழில்நுட்ப மேலாண்மை முகமை மாவட்டந்தோறும் பரவியபோது, விவசாயியின் தேவையைக் கேட்டுத் திட்டமிடுக என்று எழுத்தில் வந்தது. எழுத்தில் வந்ததெல்லாம் வரப்புக்கு வந்து சேர்வதில்லை. வட்டார அலுவலர்களின் நாள் எப்படிக் கழிகிறது என்று அருகிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள்: மானிய விண்ணப்பங்கள், ஆதார் எண்கள், சிட்டா நகல்கள், புகைப்படம் எடுத்துக் கணினியில் ஏற்றுதல். பாடம் நடத்த வேண்டிய ஆசிரியனை வருகைப் பதிவேடும் புள்ளிவிவரப் படிவமும் எழுத வைத்தால் என்ன நேரும் என்பதை அனுபவித்தவன் ஆதலால், அவர்கள் மேல் எனக்கு இரக்கமே உண்டு.

2003ஆம் ஆண்டில் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின் 59ஆம் சுற்றுக் கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. நாட்டின் விவசாயக் குடும்பங்களில் நவீனத் தொழில்நுட்பம் பற்றி ஏதேனும் ஒரு வழியில் செய்தி பெற்றவை நூற்றுக்கு 40. விரிவாக்கப் பணியாளர் வாயிலாகப் பெற்றவை ஆறுக்கும் குறைவு. முன்னோடி விவசாயிகள் வாயிலாகப் பெற்றவை சுமார் 17. உரக்கடை, மருந்துக்கடைக்காரர் வாயிலாக 13. வானொலி வாயிலாகவும் 13. நம் வானொலி மருந்துக்கடைக்குச் சமமாக நிற்கிறதே என்று பெருமைப்படுவதா, வருந்துவதா என்று தெரியவில்லை. விவசாயி தேடிப் போகும் இடம் எது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. அவர் அயலாரைப் பார்க்கிறார். அயலார் என்ன நட்டாரோ அதையே நடுகிறார். நூறு பேர் தக்காளி நடுவதன் தொடக்கம் அங்கேதான்.

2022ஆம் ஆண்டு மாசி மாதத்தில், எங்கள் வட்டாரத்துக்குப் புதிதாக வந்திருந்த இளம் உதவித் தோட்டக்கலை அலுவலர் ஒருவரிடம் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஐயா, அப்படியானால் முதல் வகுப்பைச் சந்தையிலேயே வைத்துக்கொள்ளலாமே” என்றார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. மாணவரைச் சுற்றுலா அழைத்துச் சென்று பாடம் நடத்த வேண்டும் என்று ஆண்டாண்டாய்ப் போதித்தவன் நான். இது எனக்குத் தோன்றாமற் போயிற்று.

எட்டுக் குடும்பங்கள் இணங்கின. கணவர் மட்டும் வந்தால் போதாது, மனைவியும் வர வேண்டும் என்று அலுவலர் வற்புறுத்தினார். பறிப்பவரும் தரம் பிரிப்பவரும் வீட்டுச் செலவு நடத்துபவரும் அவர்களே அன்றோ? முந்தின நாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேள்விகளை எழுதிக்கொண்டோம். எந்தக் காய் எந்த மாதத்தில் தட்டுப்படுகிறது? எங்கே போகிறது? என்ன அளவில், என்ன கட்டில் வேண்டும்? எதைக் கழித்துப் போடுகிறீர்கள், ஏன்? ஒரே வாரத்தில் எத்தனை மூட்டை வந்தால் விலை சாயும்? இவை எளிய கேள்விகள். ஆனால் எங்களுள் முப்பது ஆண்டு அந்தச் சந்தைக்குக் காய் கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் ஒருநாளும் இவற்றைக் கேட்டதில்லை. மூட்டையை இறக்குவது, சீட்டை வாங்குவது, பணத்தை எண்ணுவது, பேருந்தைப் பிடிப்பது என்பதே அவர்கள் அறிந்த சந்தை.

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி பெருமளவில் கேரளத்துக்குப் போகிறது என்பது எல்லோரும் அறிந்ததே. அன்று ஒரு வியாபாரி வேலை ஓய்ந்தபின் எங்களோடு அரைமணி நேரம் அமர்ந்து பேசினார். (வியாபாரியைக் கள்வர் போலவே பேசிப் பழகிவிட்டோம். கேட்டால் சொல்லக்கூடியவர்களும் அவர்களுள் உண்டு.) ஓணத்துக்கு முந்தின மூன்று வாரம் புடலைக்கு நல்ல கிராக்கி இருக்கும் என்றார். ஆனால் நம்மவர் கொண்டுவருவது நீண்ட புடலை. வண்டியில் ஒடிந்து பாதி வீணாகிறது. முழ நீளத்துக்கும் குறைவான குட்டைப் புடலை தந்தால் கூடுதல் விலை தருவேன் என்றார். எங்கள் பெண்மணி ஒருவர், “நீளமாக இருந்தால்தானே எடை நிற்கும் என்று விட்டுவைத்தோம்” என்று வியந்தார்.

பிறகு நடந்தது கணக்கு வகுப்பு. அவ்வாண்டு திருவோணம் செப்டம்பர் 8ஆம் நாள். புடலை விதைத்து எண்பது நாளளவில் முதற் பறிப்பு. பின்னர் வாரம் ஒருமுறை பறிக்கலாம். ஓணத்துக்கு முன் மூன்று பறிப்பு வேண்டுமானால், ஆவணி முதல் வாரத்தில் பறிக்கத் தொடங்க வேண்டும். ஆகவே வைகாசி நடுவில் விதை மண்ணில் இருக்க வேண்டும். பந்தலை அதற்கும் முன்பே போட வேண்டும். நாங்கள் இதுவரை பயிரிட்ட முறை, மழை பெய்தது, விதைத்தோம், விளைந்தபின் விற்றோம் என்பது. இப்போது விற்கும் நாளை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணினோம். அலுவலர் அதுவரை கொடுத்துவந்த சாகுபடிக் குறிப்புக்கு அன்றுதான் உயிர் வந்தது. எட்டுப் பேரும் அவரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டார்கள்.

முடிவு கதைகளில் வருவதுபோல் அமையவில்லை. வைகாசியில் பாய்ச்சத் தண்ணீர் இருந்தது நால்வர் கிணற்றில் மட்டுமே. அந்நால்வரில் ஒருவருடைய கொடியைப் பழ ஈ கெடுத்துவிட்டது. மூவர் நல்ல விலை கண்டார்கள். ஒருவர் பந்தற் செலவை அந்த ஓராண்டிலேயே எடுத்துவிட்டார். ஆனால் அடுத்த ஆண்டு பங்குனியில், எங்கள் ஊரில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் குட்டைப் புடலை விதை கேட்டு அலுவலரைத் தேடி வந்தார்கள். பழைய நோய் புதிய காயில்! அவர் விதை கொடுக்க மறுக்கவில்லை. முதலில் சந்தைக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். போனவர்கள் பாதிப் பேர் மனம் மாறி வந்தார்கள். வெண்டையைச் சிறிதாக இருக்கும்போதே பறித்துத் தர முடியுமா என்று அங்கே யாரோ கேட்டார்களாம்.

சில காலத்துக்குப் பின் அந்த அலுவலர் ஒரு சிறு நூலைக் கொண்டுவந்து காட்டினார். நாங்கள் தட்டுத் தடுமாறிச் செய்ததை ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டார் ஒழுங்காகச் செய்து முடித்திருந்தார்கள். 2006ஆம் ஆண்டில் கென்ய வேளாண்மை அமைச்சகமும் ஜப்பானின் ஜைக்கா நிறுவனமும் சேர்ந்து, புங்கோமா, கிசி, நியாண்டருவா, டிரான்ஸ் நசோயா ஆகிய நான்கு மாவட்டங்களில் ‘ஷெப்’ என்னும் திட்டத்தைத் தொடங்கின. பணமும் கொடுக்கவில்லை, உரமும் கொடுக்கவில்லை. விவசாயிகள் தாங்களே சந்தைக்குச் சென்று விசாரிக்க வேண்டும். விசாரித்ததை வைத்துக் குழுவாகக் கூடிப் பயிரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயிர்க்கால அட்டவணை எழுத வேண்டும். அதன் பின்னரே அலுவலர் சாகுபடிப் பயிற்சி தருவார். கணவனும் மனைவியும் சேர்ந்தே வர வேண்டும் என்பதும் அங்கே விதி. 122 குழுக்களைச் சேர்ந்த சுமார் 2,500 விவசாயிகளின் தோட்டக்கலை வருமானம் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருமடங்கு ஆயிற்று என்று ஜைக்கா எழுதுகிறது. விளைவித்து விற்பது வேறு, விற்பதற்காக விளைவிப்பது வேறு என்று அவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். பயிற்சிப் பள்ளியில் எங்கள் விரிவுரையாளர் கேட்ட ‘முன்னறிவு’ப் பத்தியை அவர்கள் விவசாயியின் கையாலேயே எழுத வைத்துவிட்டார்கள். 

இதற்குப் புதிய துறையோ பெருநிதியோ வேண்டியதில்லை. வட்டார அலுவலரின் பயண நாட்குறிப்பில், பருவத்துக்கு ஒருமுறையேனும் விவசாயிகளோடு சந்தைக்குப் போன நாளும் பணி நாளாகக் கணக்கிடப்பட வேண்டும். இப்போது அது விடுப்பைப் போலவே பார்க்கப்படுகிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், 1999ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகளும் நல்லனவே. அவற்றைப் பற்றிப் பிறர் பேசியிருக்கிறார்கள்.

வானொலி நிலையத்தாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. நேற்றைய சந்தை விலையைச் சொல்கிறீர்கள், நன்று. நேற்றைய விலையைக் கேட்டு நடுபவர் இரண்டு மாதம் கழித்தல்லவா அறுவடை செய்கிறார்? 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் நியாயவிலைக் கடைகள் வழியே 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்தது. அந்த விலையைக் கேட்டு எங்கள் பக்கத்தில் நாற்றுக்கு அலைந்தவர்கள் செப்டம்பரில் பறித்தபோது விலை பாதாளத்தில் கிடந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன்பே விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அது பயனுள்ள பணி. ஆயினும் அதைவிட எளிதாகக் கிடைக்கும் ஒரு கணக்கு நம் கண்முன் இருக்கிறது. இக்காலத்தில் எங்கள் பக்கத்தில் தக்காளி விதையை வீட்டில் நாற்று விடுபவர் அரிது. எல்லோரும் நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு நாற்றாகவே வாங்குகிறார்கள். ஒரு வட்டாரத்துப் பண்ணைகள் இந்த வாரம் எத்தனை ஆயிரம் நாற்று விற்றன என்று அறிந்தால், இரண்டு மாதத்துக்குப் பின் சந்தைக்கு வரப்போகும் பெட்டிகளை இன்றே எண்ணிவிடலாம். விரிவாக்கப் பணியாளர் இதை வாரந்தோறும் திரட்டித் தர, வானொலி ஊரறியச் சொன்னால், ‘எல்லோரும் நடுகிறார்கள்’ என்பதைக் கண்டு நடும் விவசாயி, அதையே கேட்டு நிறுத்தவும் கூடும். ரேடியோ நெல்லைப் பரப்பிய நிலையம் இதையும் செய்யலாம்.

எங்கள் வட்டாரத்தில் இருக்கும் நான்கு பண்ணைகளில் இந்தக் கணக்கை நானே கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். பண்ணைக்காரர்கள் முதலில் ஐயுற்றார்கள். இப்போது நான் போவதற்குள் சீட்டில் எழுதி வைத்துவிடுகிறார்கள். 2024ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒருநாள் இரவு திருப்பூரிலிருந்து அந்த மாணவன் தொலைபேசியில் அழைத்தான். ஆறு ஆண்டுகளாக அவன் என்னிடம் நிலத்தைப் பற்றிப் பேசியதில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஊருக்கு வரலாமா என்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கி, “சார், இந்த வாரம் தக்காளி நாற்று எத்தனை போயிருக்கு?” என்று கேட்டான். நான் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நான்கு பண்ணையின் எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். மறுமுனையில் அவன் கூட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

“அப்ப தக்காளி வேண்டாம், சார்” என்றான். “அடுத்த வாரம் சந்தைக்குப் போறீங்கன்னா சொல்லுங்க, நானும் அம்மாவும் வர்றோம்.”